டெஸ்ட் ஏன் விழுந்தது? இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும் பிழைச் செய்திகள், அறிகுறி வாரியாக

கோவை சரவணம்பட்டியில் நாங்கள் ஐந்து பேர். ஈரோட்டு மஞ்சள் மண்டிகளுக்கு எடைக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். தராசிலிருந்து எடையை நேரடியாக வாங்கி, மூட்டை மூட்டையாக, விரலி தனி, கிழங்கு தனி என்று பதிந்து, சாயங்காலம் எக்செல் தாளாகக் கொடுக்கும். எழுதுவது பைத்தானில். எங்களில் மூவர் லினக்ஸ், இருவர் மேக். டெஸ்ட் ஓடும் சர்வர் அல்பைன் கண்டெய்னர், அதாவது அல்பைன் என்ற சிறிய லினக்ஸ் ஓடும் தனிச் சூழல். மண்டியில் மேசை மேல் இருப்பதோ விண்டோஸ்.

ஆக ஒரே நிரல் நான்கு இடத்தில் ஓடுகிறது. ஒரே தவறுக்கு நான்கும் நான்கு விதமாகப் பேசும். அந்தப் பேச்சை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு டெஸ்ட் எழுதியிருந்தால், மாதம் ஒருமுறையாவது யாரோ ஒருவரின் காலை வேளை வீணாகும். எங்களுக்கு வீணானவற்றையும் அவற்றைச் சரிசெய்த விதத்தையும் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

போவதற்கு முன் ஒரே ஒரு வேலை. விழுந்த டெஸ்டில் பிழையைப் பிடித்து, அதன் வகை, அதன் எண், செய்தியின் முழு வடிவம் மூன்றையும் அச்சிடுங்கள். செய்தியைப் பைத்தானின் ரெப்ர் என்ற செயல்கூறு வழியாக அச்சிட வேண்டும். வெறுமனே அச்சிட்டால் கடைசியில் ஒட்டியிருக்கும் இடைவெளியும் வரிமுறிப்பும் கண்ணுக்குத் தெரியாது. இந்த மூன்றும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: லினக்ஸில் பாஸ், விண்டோஸில் ஃபெயில்

அடிக்கடி வருவது இதுதான், பொறுமையாகப் பார்ப்போம். இல்லாத கோப்பைக் கையாளப் பார்த்தால் லினக்ஸும் மேக்கும் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்கின்றன. விண்டோஸ் "தி சிஸ்டம் கேனாட் ஃபைண்ட் தி ஃபைல் ஸ்பெசிஃபைட்" என்கிறது. முதல் வாசகத்தை டெஸ்டில் எழுதிவைத்தால் இரண்டாவதில் விழுவது இயல்பு.

இங்கே பலரும் செய்வது, இரண்டு வாசகத்தையும் "அல்லது" போட்டுச் சேர்ப்பது. நாங்களும் முதலில் அதையே செய்தோம், அதுவும் விழுந்தது. காரணம், விண்டோஸுக்குள்ளேயே பேசுபவர்கள் இருவர். பைத்தானின் ஓபன், சி நூலகத்தின் வழியாகப் போகிறது. அதனால் விண்டோஸிலும் "எர்ர்நோ 2, நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்றே வரும் (எர்ர்நோ என்பது சி நூலகம் தரும் பிழை எண்). கோப்பை அழிக்கும் ரிமூவ் விண்டோஸை நேரடியாகக் கூப்பிடுகிறது. அங்கே விண்டோஸின் சொந்தப் பிழை எண்ணான "விண்எரர் 2" வரும். இல்லாத அடைவைப் பட்டியலிடச் சொன்னால் "விண்எரர் 3, தி சிஸ்டம் கேனாட் ஃபைண்ட் தி பாத் ஸ்பெசிஃபைட்" வரும். ஒரே கணினி, ஒரே பொருள், மூன்று வாசகம். போதாததற்கு அந்த விண்டோஸ் ஆங்கிலத்தில் நிறுவப்படாமல் இருந்தால் வாசகமே வேறு மொழியில் வரும். சுற்றுச்சூழல் மாறிகளை எப்படி மாற்றினாலும் விண்டோஸின் அந்த மொழி மாறாது.

சரி, என்ன செய்யலாம்? வகையைப் பாருங்கள். மேலே சொன்ன மூன்றுமே பைத்தானில் ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் என்ற ஒரே வகையாகத்தான் வந்து சேரும். விண்எரர் 3 ஆனாலும் அதன் எர்ர்நோ 2 என்றே மாற்றித் தரப்படும். 2012-இல் வந்த பைத்தான் 3.3-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. டெஸ்டில் "இந்த வகைப் பிழை வர வேண்டும், அதன் ஃபைல்நேம் பண்பில் நாம் கொடுத்த கோப்பு இருக்க வேண்டும்" என்று இரண்டை மட்டும் கேளுங்கள். வாசகத்தைத் தொடவே வேண்டாம்.

மற்ற மொழிகளிலும் இதற்கு இணையானது உண்டு. கோ மொழியில் எரர்ஸ்.இஸ் வைத்து எஃப்எஸ்.எர்ர்நாட்எக்ஸிஸ்ட் உடன் ஒப்பிடலாம். பழைய ஓஎஸ்.இஸ்நாட்எக்ஸிஸ்ட் வேண்டாம், பிழையை வேறொரு பிழைக்குள் பொதிந்து அனுப்பினால் அது உள்ளே பார்க்காது. ரஸ்டில் கைண்ட் பார்க்கலாம். நோட்.ஜேஎஸ்ஸில் கோட் என்ற பண்பு எல்லா இடத்திலும் "ஈநோஎன்ட்" என்றே இருக்கும். ஆனால் பக்கத்திலேயே உள்ள எர்ர்நோ லினக்ஸில் மைனஸ் 2, விண்டோஸில் மைனஸ் 4058. பெயரைப் பாருங்கள், எண்ணைப் பார்க்காதீர்கள். சி++ எழுதுபவர்கள் எரர்_கோட் மதிப்பை எண்ணோடு ஒப்பிடாமல் எஸ்டிடி எர்ர்சி பெயரோடு ஒப்பிடுங்கள். விண்டோஸில் அந்த மதிப்பு 2 ஆகவும் வரும், 3 ஆகவும் வரும். பெயரோடு ஒப்பிட்டால் இரண்டையும் அதுவே ஒன்றாக எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: வாசகத்தை விட்டு எண்ணுக்கு மாறினேன், இப்போது மேக்கில் விழுகிறது

கோப்பு இல்லை என்பதற்குப் பைத்தானில் எர்ர்நோ 2 என்று எங்கும் ஒத்துப்போவதால், எல்லா எண்ணும் அப்படித்தான் என்று தோன்றிவிடும். அப்படியில்லை. இணைப்பு மறுக்கப்பட்டது என்பதற்கு லினக்ஸில் 111, மேக்கில் 61, விண்டோஸில் 10061. போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்பதற்கு முறையே 98, 48, 10048. கோப்புப் பெயர் மிக நீளம் என்பதற்கு லினக்ஸில் 36, மேக்கில் 63.

டெஸ்டில் எண்ணை நேரடியாக எழுதியிருக்கும் இடத்தையெல்லாம் தேடி, அந்தந்த மாறிலியின் பெயரைப் போடுங்கள். இது அரை மணி நேர வேலைதான்.

அறிகுறி: தனியாக ஓட்டினால் பாஸ், எல்லாவற்றோடும் ஓட்டினால் ஃபெயில்

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. எங்கள் குழுவில் ஒருவர் மேல்படிப்புக்காக ஜெர்மன் படிக்கிறார். பழக்கம் வரட்டும் என்று லினக்ஸ் லேப்டாப்பின் மொழியையும் ஜெர்மனாக வைத்திருக்கிறார். அவர் கணினியில் மட்டும், அதுவும் மொத்த டெஸ்டையும் ஓட்டும்போது மட்டும், "டாட்டை ஓடர் ஃபெர்ட்சைக்னிஸ் நிக்ட் கெஃபுண்டன்" என்று வந்தது. தனியாக ஓட்டினால் அழகாக ஆங்கிலம்.

பைத்தான் தொடங்கும்போது எழுத்துக்குறி தொடர்பான லோகேலை (மொழி, வட்டார அமைப்பை) மட்டுமே கணினியிலிருந்து எடுத்துக்கொள்ளும். செய்திகளுக்கான லோகேலைத் தொடாது. அதனால் ஜெர்மன் கணினியிலும் பிழைச் செய்தி ஆங்கிலத்திலேயே வரும். யாராவது லோகேலை மாற்றும் செட்லோகேலை எல்லாப் பிரிவுக்கும் சேர்த்துக் கூப்பிட்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்த ஓட்டம் முழுக்க ஜெர்மன்தான். எங்கள் பட்டியை (மண்டிக் கணக்குச் சீட்டை) அச்சிடும் டெஸ்டில், ரூபாய்க்கு லட்சக் கணக்கில் கமா போடுவதற்காக நானே அப்படிக் கூப்பிட்டிருந்தேன். அதற்குப் பின்னால் ஓடிய டெஸ்டுகள் விழுந்தன, முன்னால் ஓடியவை தப்பித்தன.

இரண்டு திருத்தம் செய்தோம். எண் வடிவத்துக்கு வேண்டிய பிரிவை மட்டும் மாற்றி, டெஸ்ட் முடிந்ததும் பழையதைத் திரும்ப வைத்தோம். பிழைச் செய்தியை ஒப்பிட்ட டெஸ்டுகளை வகையை ஒப்பிடும்படி மாற்றினோம். முதல் திருத்தம் மட்டுமே போதும் என்று தோன்றும். ஆனால் நாளைக்கு வேறொருவர் வேறொரு நூலகத்தைச் சேர்க்கும்போது அந்த நூலகமே செட்லோகேலைக் கூப்பிடலாம். அதனால் இரண்டும் வேண்டும்.

எல்லா லோகேல் பிரிவையும் ஒன்றாக மாற்றும் எல்சி_ஆல் என்ற சுற்றுச்சூழல் மாறியை "சி" என்று வைத்துவிட்டால் தீர்ந்தது என்ற அறிவுரையை நிறையப் பார்ப்பீர்கள். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. அது செய்தியோடு சேர்த்து எழுத்துக்குறியையும் மாற்றிவிடும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் போன்ற வெளி நிரல்கள் "மஞ்சள்_வரவு" என்ற பெயரைப் பிழைச் செய்தியில் எண்களாகச் சிதறடித்துக் காட்டும். அதற்குப் பதில் எல்சி_ஆல்-ஐ நீக்கிவிட்டு, எல்சி_மெசேஜஸ் ஒன்றை மட்டும் "சி" என்று வையுங்கள். செய்தி ஆங்கிலத்தில் நிற்கும், தமிழ் எழுத்தும் உடையாது. எல்சி_ஆல் இருந்தால் அதுதான் ஜெயிக்கும், எனவே நீக்குவதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: அல்பைன் கண்டெய்னரில் மட்டும் பிணைய டெஸ்ட் விழுகிறது

அல்பைனில் இருப்பது மஸ்ல் என்ற சி நூலகம். உபுண்டு, டெபியனில் ஜிலிப்சி. கோப்புப் பிழைகளுக்கு இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். இல்லாத பெயரைப் பிணையத்தில் தேடும்போது பிரியும். ஜிலிப்சி "நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்" என்கிறது, மஸ்ல் "நேம் டஸ் நாட் ரிசால்வ்" என்கிறது. மேக்கில் "நோட்நேம் நார் சர்வ்நேம் ப்ரொவைடட், ஆர் நாட் நோன்".

இங்கே வாசகத்தை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பெயர் தேடும் பிழைகளின் எண்கள் வழக்கமான எர்ர்நோ பட்டியலைச் சேர்ந்தவை அல்ல, அவற்றுக்குத் தனிப் பட்டியல். லினக்ஸில் இந்தப் பிழையின் எண் மைனஸ் 2, மேக்கில் 8. இதை எடுத்துப்போய் எண்ணுக்குச் செய்தி தரும் சாதாரண ஸ்ட்ரெரரிடம் விளக்கம் கேட்டால் சம்பந்தமே இல்லாத பதில் வரும். பைத்தானில் இதற்கென்று காய்எரர் என்ற தனி வகை உண்டு, அதைப் பிடியுங்கள். சோதிக்கும் பெயர் ".இன்வாலிட்" என்று முடியட்டும், யாரும் பதிவு செய்ய முடியாதபடி ஒதுக்கப்பட்ட முடிவு அது. அப்படியும் சில பிராட்பேண்ட் இணைப்புகளில் இல்லாத பெயருக்கும் ஏதோ ஒரு முகவரியைப் பதிலாக அனுப்பிவிடுவார்கள். வீட்டிலிருந்து ஓட்டும்போது மட்டும் பிழையே வராமல் டெஸ்ட் விழுந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். டெஸ்டில் பெயர் தேடும் பகுதிக்குப் பதில் போலி ஒன்றை வைத்துவிடுவதே நிம்மதி.

அறிகுறி: பிழை வர வேண்டிய இடத்தில் பிழையே வரவில்லை

இதை நான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். வாசகம் மாறினால் டெஸ்ட் விழும், அவ்வளவுதான். இங்கே நடத்தையே மாறுகிறது, மண்டிக்காரரின் கணக்கு அதில் மாட்டுகிறது.

எளியதை முதலில் முடித்துவிடுவோம். ஒரு கோப்பின் எல்லா உரிமையையும் எடுத்துவிட்டு, திறந்தால் மறுக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் கண்டெய்னரில் விழும். உள்ளே நீங்கள் பெரும்பாலும் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனர். படிக்கவோ எழுதவோ ரூட்டை எந்த உரிமைக் குறியும் தடுக்காது. கண்டெய்னரில் சாதாரணப் பயனரை உருவாக்கி அவர் பெயரில் ஓட்டுங்கள்.

அடுத்தது திறந்திருக்கும் கோப்பு. சாயங்காலம் ஆறரைக்கு மண்டியிலிருந்து போன் வரும். "ஏனுங்க தம்பி, இன்னைக்குக் கணக்கு ஏற மாட்டேங்குது, என்னமோ பெர்மிசன்னு காட்டுது." போய்ப் பார்த்தால் நேற்றைய தாளை எக்செல்லில் திறந்து வைத்திருப்பார்கள். எங்கள் நிரல் அதை அழிக்கப் பார்க்கும். விண்டோஸ் "விண்எரர் 32" என்று மறுக்கும், அதாவது வேறொரு நிரல் அந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறது. லினக்ஸிலோ மேக்கிலோ திறந்திருக்கும் கோப்பை அழித்தால் சத்தமில்லாமல் அழிந்துவிடும். எங்கள் ஐந்து லேப்டாப்பிலும் அந்தப் பிழை ஒருநாளும் வராது. அதனால் அதற்கு டெஸ்டே இல்லாமல் இருந்தது.

அந்தச் சூழலை லினக்ஸில் உருவாக்க முடியாது என்பதால், பிழையை நாமே எறிய வேண்டும். ரிமூவைப் போலியாக்கி, ஈஆக்சஸ் (அணுகல் மறுப்பு) எண்ணும் ஒரு செய்தியும் கொடுத்து ஒரு ஓஎஸ்எரரை எறிந்தால், பைத்தான் அதைத் தானாகவே பெர்மிஷன்எரர் ஆக்கிவிடும். இங்கே கவனம். விண்எரர் என்ற பண்பு விண்டோஸில் மட்டும்தான் இருக்கிறது. "32 தானா" என்று உங்கள் நிரல் நேரடியாகக் கேட்டால் லினக்ஸில் அந்தப் பண்பே இல்லை என்று வேறொரு பிழை வரும். கெட்ஆட்ர் வைத்து, பண்பு இல்லாவிட்டால் நன் (எதுவுமில்லை என்ற பைத்தான் மதிப்பு) என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போலி டெஸ்ட் எல்லா இடத்திலும் ஓடட்டும். அதோடு, உண்மையாகவே கோப்பைத் திறந்துவைத்து அழிக்கப் பார்க்கும் ஒரு டெஸ்ட், விண்டோஸில் மட்டும் ஓடும் குறியோடு இருக்கட்டும். எங்கள் போலி சரியாகத்தான் நடிக்கிறதா என்று சொல்ல அந்த ஒன்று வேண்டும்.

தராசு விஷயமும் இதே கதை. தராசு சீரியல் போர்ட் வழியாகப் பேசுகிறது. விண்டோஸில் காம் 3-ஐ ஒரு நிரல் திறந்துவிட்டால் இன்னொன்று திறக்க முடியாது, "ஆக்சஸ் இஸ் டினைட்" வரும். லினக்ஸில் இரண்டாவது நிரலும் தாராளமாகத் திறக்கும். தனியுரிமை கேட்டுத் திறந்தால்தான் மறுப்பு வரும். கேட்காமல் விட்டால் இரண்டு நிரலும் எடையை ஆளுக்குப் பாதியாகப் படிக்கும், 64 கிலோ மூட்டை ஒன்றில் 6 என்றும் இன்னொன்றில் 4 என்றும் விழும். பைத்தானின் சீரியல் நூலகமான பைசீரியலில் எக்ஸ்க்ளூசிவ் என்ற அமைப்பை ட்ரூ என்று கொடுத்துத் திறக்கிறோம். பிறகுதான் டெஸ்ட் எழுத ஏதாவது இருக்கிறது.

அறிகுறி: பிழை வருகிறது, ஆனால் வகை வேறு

அடைவைக் கோப்பு என்று நினைத்துத் திறந்தால் லினக்ஸில் இஸ்எடைரக்டரிஎரர், விண்டோஸில் பெர்மிஷன்எரர். அடைவைக் கோப்பாக நினைத்து அழிக்கப் பார்த்தால் லினக்ஸில் ஈஇஸ்டிர் (அது அடைவு), மேக்கில் ஈபெர்ம் (அனுமதி இல்லை). யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரம் ஈபெர்ம் என்றுதான் சொல்கிறது, விலகிப்போனது லினக்ஸ். இந்த இடத்தில் மட்டும் டெஸ்டில் இரண்டு வகையையும் ஏற்றுக்கொள்ளலாம். அதைவிட நல்லது, திறப்பதற்கு முன் அது அடைவா என்று நிரலே பார்த்து உங்கள் சொந்தப் பிழையை எறிவது.

அறிகுறி: கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, ஒப்பீடு தவறுகிறது

பைத்தான் டெஸ்டுகளை ஓட்டும் பைடெஸ்டில் மேட்ச் என்று கொடுப்பது ரெகெக்ஸ், அதாவது சில குறிகளுக்குத் தனிப் பொருள் உள்ள தேடல் வடிவம். "[எர்ர்நோ 2]" என்று சதுர அடைப்போடு எழுதினால், அது அந்த எழுத்துகளில் ஏதாவது ஒன்று என்று பொருள்பட்டுவிடும், அடைப்புக்குறி அதில் பொருந்தாது. அந்தக் குறிகளை வெறும் எழுத்தாக்கும் ரீ.எஸ்கேப் வழியாக அனுப்புங்கள். விண்டோஸ் பாதையில் உள்ள பின்சாய்வுக்கும் இதே மருந்து. பிழைச் செய்திக்குள் பாதை ரெப்ர் வடிவில் வருவதால் ஒரு பின்சாய்வு இரண்டாக இருக்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

மேக்கில் தற்காலிக அடைவு "/வார்" என்று தொடங்கும், ஆனால் அது "/பிரைவேட்/வார்" என்பதற்கான குறியிணைப்பு. ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் மற்றதும் வந்தால் ஒப்பீடு தவறும். இரண்டையும் உண்மையான பாதையைத் தரும் ரியல்பாத் வழியாக அனுப்பிவிட்டு ஒப்பிடுங்கள்.

வெளி நிரலின் செய்தியை ஒப்பிடுவது இன்னும் மோசம். லினக்ஸில் அடைவு உருவாக்கும் குனு எம்கேடிர், யூடிஎஃப்-8 லோகேலில் வளைந்த மேற்கோளும், சி லோகேலில் நேர் மேற்கோளும் போடும். இல்லாத கோப்பைக் கேட்டால் குனு எல்எஸ் "கேனாட் ஆக்சஸ்" என்று சேர்த்துச் சொல்லும், மேக்கின் எல்எஸ் சொல்லாது. வெளியேறும் எண்ணும் முதலாவதில் 2, இரண்டாவதில் 1. "பூஜ்ஜியம் இல்லை" என்பதை மட்டும் சோதியுங்கள். கட்டளையே இல்லை என்றால் மட்டும் பாஷ், டாஷ் ஷெல்கள் இரண்டும் 127 தரும், அதை நம்பலாம்.

அறிகுறி: செய்தி காலியாக அல்லது சம்பந்தமில்லாமல் வருகிறது

இது சி எழுதுபவர்களுக்கு. ஸ்ட்ரெரர்_ஆர் என்ற பெயரில் இரண்டு வேறு செயல்கூறுகள் உண்டு. குனு வடிவம் செய்தியின் சுட்டியைத் திருப்பித் தரும், நீங்கள் கொடுத்த பஃபரை நிரப்பாமலே விடலாம். பாசிக்ஸ் வடிவம் பஃபரை நிரப்பி ஒரு முழு எண்ணைத் தரும். மஸ்லில் இரண்டாவது மட்டும்தான். ஜிலிப்சியில் பஃபரை அச்சிட்டுவிட்டு ஏன் காலி என்று தேடுபவர்கள் இங்கே பாருங்கள். சம்பந்தமில்லாத செய்தி வந்தால், பிழை நடந்த இடத்துக்கும் செய்தி கேட்ட இடத்துக்கும் நடுவில் லாக் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். லாக் எழுதும்போது எர்ர்நோ மாறியிருக்கும். பிழை நடந்த அடுத்த வரியிலேயே அதை ஒரு மாறியில் எடுத்து வைக்க வேண்டும்.

வாசகத்தையே சோதித்தாக வேண்டும் என்றால்

சில சமயம் வேண்டும்தான். பயன்படுத்துபவர் கண்ணில் படுவது வாசகம்தானே. ஆனால் இயங்குதளத்தின் வாசகத்தை அவருக்கு அப்படியே காட்டுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். மண்டியில் கணக்கு எழுதுபவருக்கு "பெர்மிஷன் டினைட்" என்பதால் எந்தப் பயனும் இல்லை. இப்போது பிழையின் வகையை வைத்து நாங்களே தமிழில் எழுதுகிறோம்: "நேற்றைய எடைத்தாள் எக்செல்லில் திறந்திருக்குதுங்க. அதை மூடிட்டு மறுபடி அமுக்குங்க." இந்த வாக்கியம் எங்களுடையது, அதனால் டெஸ்டில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறோம், நான்கு இடத்திலும் பாஸ் ஆகிறது. இயங்குதளம் சொன்ன மூல வாசகம் லாக் கோப்புக்குப் போகிறது, அதை எந்த டெஸ்டும் படிப்பதில்லை. ஆறரை மணிக்கு வந்த அந்தப் போன் இப்போது வருவதில்லை, அவர்களே எக்செல்லை மூடிவிடுகிறார்கள்.